விளிம்பில் பொறித்த பெயர்

போர்ப் பதக்கங்கள் இரண்டு வகைப்படும். வீரச் செயலுக்காக ஒருவரைத் தேர்ந்து தருவது ஒரு வகை. ஒரு போரில் பணியாற்றிய அனைவருக்கும் பொதுவாகத் தருவது மற்றொரு வகை. விக்டோரியா கிராஸ், பரம்வீர் சக்ரா போன்றவை முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பெற்றவர்களின் கதை பாடநூலில் வரும். பதக்கம் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். தமிழ்நாட்டில் பதக்கம் சேகரிப்பவர்களின் கைக்கு வந்து சேருபவை பெரும்பாலும் இரண்டாம் வகைதான்: முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கம், இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரம், பர்மாப் போர்களுக்கான பழைய பதக்கம். சிப்பாயும் சமையல்காரரும் தண்ணீர் சுமந்தவரும் வாங்கியவை அவை.

விஷயம் தெரிந்தவர் இத்தகைய பதக்கத்தைக் கையில் வாங்கியதும் முகப்பில் உள்ள மன்னரின் தலையைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்துக்கு நேராக நீட்டி, விளிம்பை மெல்லச் சுழற்றுவார். மூன்று மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத அந்த விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறு ஆங்கில எழுத்துகளில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தத் துறையின் ஆய்வும் விலையும் மோசடியும் அந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கின்றன.

பெயர் பொறிக்கும் வழக்கம் வாட்டர்லூவிலிருந்து வந்தது. 1815-இல் அங்கே போரிட்ட பிரிட்டிஷ் படையினர் அனைவருக்கும், தளபதி என்றும் சிப்பாய் என்றும் பாராமல், ஒரே வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெற்றவரின் பெயர் இருந்தது. அதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியச் சிப்பாய்களுக்குப் பதக்கம் கொடுத்துவந்தது. ஆனால் அவற்றில் பெயர் கிடையாது. 1784-இல் வந்த தக்காணப் பதக்கம் அவற்றுள் மூத்தது. மைசூர்ப் போருக்கும், இலங்கையைக் கைப்பற்றியதற்கும், ஜாவாவுக்கும் தனித்தனிப் பதக்கங்கள் பின்னால் வந்தன.

கம்பெனிப் பதக்கங்களில் தென்னாட்டவருக்கு மிக நெருக்கமானது 1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காக அடித்த பதக்கம். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் உருவான அது 48 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஒரு பக்கம் சிங்கம் புலியை அழுத்தி வீழ்த்துகிறது. மறுபக்கம் கோட்டைச் சுவரின் மீது படை ஏறுகிறது. புலி திப்புவின் சின்னம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலைக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி, அதற்கடுத்து வெள்ளி, பிறகு வெண்கலம், கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவை என்று உலோகத்தையே பதவிக்கேற்பப் பிரித்துவிட்டார்கள். வெள்ளீயப் பதக்கங்கள் பல்லாயிரக்கணக்கில் அடிக்கப்பட்டன. மென்மையான உலோகம் என்பதால் எளிதில் நசுங்கின, தேய்ந்தன. இன்று முகம் தெளிவாக இருக்கும் ஒரு வெள்ளீயப் பதக்கத்தைக் காண்பது அரிது.

உலோகத்தில் தரம் பிரிக்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மறுபடி தலைகாட்டியது. 1854-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியப் பொதுச் சேவைப் பதக்கத்தில் போர்க்களத்தின் பெயர் ஒரு சிறு பட்டையாக மேலே பொருத்தப்படும். முதல் பட்டை, சென்னை மாகாணப் படைகள் பெருமளவில் சென்ற இரண்டாம் பர்மாப் போருக்கான ‘பெகு’. 1885-இல் தொடங்கிய மூன்றாம் பர்மாப் போரின்போது சிப்பாய்க்கு வெள்ளியும், படையோடு போன தொழிலாளர்களுக்கு வெண்கலமுமாகப் பதக்கம் வந்தது. டோலி தூக்கியவர், சமையல் செய்தவர், தோல் பையில் தண்ணீர் சுமந்தவர் ஆகியோரின் பெயரும் தொழிலும் வெண்கல விளிம்பில் பதிவாயின. வாங்கியவருக்கு அது குறைவாகப் பட்டிருக்கலாம். இன்றைய சேகரிப்பாளர்கள் வெண்கலத்துக்கே கூடுதல் விலை தருகிறார்கள். அரிதானது என்பது ஒரு காரணம். அரசாங்கத்தின் வேறெந்தப் பதிவிலும் இடம்பெறாத ஒரு தண்ணீர்க்காரரின் பெயர் அங்கே இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முதல் உலகப் போர்தான் பதக்கத்தை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுவந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். சென்னை மாகாணத்துப் படைகள் பெரும்பாலும் மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டன. 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா கடற்கரையில் இறங்கியது. அந்தத் தாக்குதல் பெரும் தோல்வியில் முடிந்தது. போர் முடிந்தபின் இவர்களுக்கு வந்தவை மூன்று: 1914–15 நட்சத்திரம், பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம். நட்சத்திரத்தில் பெயர் பின்புறத்தில் இருக்கும். மற்ற இரண்டிலும் விளிம்பில். போர்ப் பதக்கம் வெள்ளி. 36 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ ஒரு அவுன்ஸ் எடை. வெற்றிப் பதக்கம் வெண்கலம். அதன் ரிப்பனில் இரண்டு வானவில்லை ஒட்டவைத்ததுபோல நிறங்கள் வரும். இந்தியர்களுக்கான பதக்கங்கள் கல்கத்தா நாணயச்சாலையிலும் தயாராயின.

இக்கட்டுரையாளர் சிறு வயதில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் பார்த்த பதக்கங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்தான் இருந்தன. பட்டுப் புடவைக்கு அடியில், பத்திரங்களோடும் ஜாதகங்களோடும் சேர்த்து ஒரு துணி முடிச்சில் கிடக்கும். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. அந்தப் பக்கத்து வீடுகளில் பட்டாளத்துத் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது பஸ்ரா என்ற பெயர். பிறகு பேரீச்சம்பழம், வெயில், காலரா. துப்பாக்கியைப் பற்றி யாரும் பேசியதாக அவருக்கு நினைவில்லை. ஒரு வீட்டில் வெள்ளிப் பதக்கத்தின் தொங்கு வளையத்தை அறுத்துவிட்டு, ஓட்டை போட்டுச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் கழுத்தில் கட்டியிருந்தார்கள். குழந்தையின் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அதன் விளிம்பில் அப்படியே இருந்தது. அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னபோது, பாட்டி அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எங்க மாமனார் பேரு சாமி இது. இத்தனை நாளும் ராஜா பேருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்றார்.

சென்னையில் இப்பொருள்கள் கிடைத்த இடம் மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே நாணயம், தபால்தலை, கடிகார உதிரிகள் வைத்திருந்தவர்களிடம் ஒரு சிகரெட் டப்பாவில் பட்டன்களும் தொப்பிச் சின்னங்களும் பதக்கங்களும் கலந்து கிடக்கும். டப்பாவைத் துணியில் கொட்டி, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். விற்பவருக்கு எடைதான் கணக்கு. வெண்கலத்தைக் குறைந்த விலைக்குத் தருவார். வெள்ளி என்றால் அன்றைய வெள்ளி விலையைச் சொல்வார். 1985-இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தபோது அந்த உலகம் முடிந்தது. அதன் பிறகு சேகரிப்பாளர்கள் நாணயக் கண்காட்சிகளையும் காயலான் கடைகளையும் நம்ப வேண்டியதாயிற்று.

ஆனால் தீயைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது வெள்ளி விலை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் கூடை கூடையாக உருக்கு உலைக்குப் போயின; பதக்கமாக விற்றால் வருவதைவிட வெள்ளிக்கட்டியாக விற்றால் அதிகம் கிடைத்தது. நம் ஊரில் இதற்கு ஒரு தனி ஆண்டு தேவைப்படவில்லை. பஞ்சத்திலும் கல்யாணச் செலவிலும் வெள்ளிப் பதக்கம் அடகுக் கடைக்குப் போவதும், மீட்கப்படாமல் உருகுவதும் எப்போதும் நடந்தது. இதனால்தான் இங்கே இரண்டு பதக்கங்கள் மட்டும் உள்ள ‘உடைந்த’ தொகுப்புகள் ஏராளம். நட்சத்திரமும் வெற்றிப் பதக்கமும் மிஞ்சியிருக்கும். நடுவே இருந்த வெள்ளி இருக்காது.

தொகுப்பு உடைவது என்பது சேகரிப்பாளர்களைப் பொறுத்தவரை பெரிய இழப்பு. ஒருவர் வாங்கிய பதக்கங்கள் எல்லாம் ஒன்றாக இருந்தால் அவர் எங்கே போனார், எத்தனை ஆண்டு இருந்தார் என்பதைச் சொல்ல முடியும். பிரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் வெறும் உலோகத் துண்டாகிவிடும். பல பத்து ஆண்டு தேடி, ஒரே எண்ணும் பெயரும் கொண்ட இரண்டு பதக்கங்களை வெவ்வேறு ஊரில் கண்டெடுத்துச் சேர்த்தவர்கள் உண்டு. அந்த மகிழ்ச்சிக்கு ஈடு இத்துறையில் வேறில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தவுடன் ஒரு விசித்திரம் எதிர்ப்படும். பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காத பதக்கங்களையே அனுப்பியது. செலவு ஒரு காரணம். இந்தியப் படைக்கு வழங்கப்பட்டவற்றிலோ வழக்கம்போலப் பெயர் பொறிக்கப்பட்டது. ஆகவே லண்டனில் விற்கும் ஒரு பர்மா நட்சத்திரம் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆம்பூரில் ஒரு வீட்டில் கிடக்கும் பர்மா நட்சத்திரம் தன் உடையவரைத் தானே சொல்லும். 25 லட்சம் பேர் கொண்ட அந்தப் படையில் மூன்று ஆண்டு பணியாற்றியவர்களுக்கு இந்தியச் சேவைப் பதக்கம் தனியாக உண்டு. அதன் பின்புறத்தில் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் வரைபடம் புடைப்பாக இருக்கும். 1946-இல் ஏற்படுத்தப்பட்டது, அடுத்த ஆண்டே அந்த வரைபடம் பழையதாகிவிட்டது.

இப்போரில் தமிழ்நாட்டுக்கு வந்த மிகப் பெரிய விருது, காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனுக்குக் கிடைத்த ஜார்ஜ் கிராஸ். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். இந்திய ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பரை இன்றும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். பாலம் கட்டுவதும் கண்ணி அகற்றுவதும் அவர்கள் வேலை.

இனி விளிம்பைப் படிக்கும் முறை. கல்கத்தாவிலும் லண்டனிலும் பொறித்த எழுத்துகளின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறும். சில பதக்கங்களில் எழுத்து அச்சால் குத்தியிருக்கும். சிலவற்றில் கையால் செதுக்கியிருக்கும், அதுவும் சாய்வெழுத்தாக. எந்தப் பதக்கத்துக்கு எந்த எழுத்து என்பது பழகப் பழகத்தான் கண்ணுக்குப் பிடிபடும். மோசடிக்காரர் செய்வது இதுதான்: சாதாரணப் பெயர் உள்ள பதக்கத்தின் விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து, புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரைப் புதிதாகப் பொறிப்பார். தேய்த்தால் விட்டம் குறையும். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது நுண்ணளவியில் ஓரிடத்தில் 35.6 காட்டினால் அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பட்டைகளை இணைக்கும் ஆணியும் ஒரு சாட்சி; பழைய ஆணியின் தலை தேய்ந்து உருண்டிருக்கும், புதியது கூராகப் பளபளக்கும். வார்ப்புப் போலியில் மன்னரின் தலைமுடி குழைந்து தெரியும், எடையும் ஒத்துவராது.

பெயரின் எழுத்துக்கூட்டல் மட்டும் போலிக்கு அடையாளம் ஆகாது. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி மூன்று விதமாக வருவார். ராமசாமி ‘ராமஸாமி’, ‘ராமஸ்வமி’ என்றெல்லாம் ஆவார். அதே மனிதர் அடுத்த பதக்கத்தில் வேறு எழுத்தில் இருப்பார். எண்தான் மாறாது. எனவே எண்ணை முதலில் குறித்துக்கொள்வதே முறை.

தொப்பிச் சின்னங்கள், தோள் எழுத்துகள், பித்தளைப் பட்டன்கள் ஆகியவற்றில் பெயர் இராது. அழகுக்காகவும் படைப்பிரிவின் வரலாற்றுக்காகவும் சேகரிக்கப்படுபவை இவை. மெட்ராஸ் ரெஜிமெண்டின் யானைச் சின்னம் 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவு. பழைய மெட்ராஸ் காலாட்படைகள் 1928-க்குள் முழுவதும் கலைக்கப்பட்டு, 1941-இல்தான் மீண்டும் எழுப்பப்பட்டன. ஆகவே அதற்கு முற்பட்ட சின்னங்கள் குறைவு. பேட்ஜ்களில் மறு அச்சு மிக அதிகம் என்பதால் புதியவர்கள் இதில் தொடங்காமல் இருப்பது நல்லது. இந்திய தேசிய ராணுவத்தின் விருதுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. நேதாஜியின் அரசுக்காக வியன்னாவின் சூவல் நிறுவனம் செய்த ‘ஷேர்-இ-ஹிந்த்’ முதலிய பதக்கங்கள் போருக்குப் பிறகும் அடிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. மலேயாவிலும் பர்மாவிலும் அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் வீடுகளில் இருக்கும் கடிதமும் புகைப்படமும் சந்தையில் கிடைக்கும் பதக்கத்தைவிட நம்பத்தக்கவை.

போர்க்கால நினைவுப்பொருள்களில் செட்டிநாட்டிலும் ராமநாதபுரத்திலும் மிகுதியாகக் கிடைப்பது ஜப்பானியர் அச்சடித்த பணம். மலேயாவில் வெளியிட்ட பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் அதை வாழைப்பழ நோட்டு என்றார்கள். பர்மாவுக்கு ரூபாயில் தனி நோட்டு. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாயின. உழைத்துச் சேர்த்ததைக் கட்டுக் கட்டாக இழந்தவர்கள், எரிக்க மனம் வராமல் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இக்கட்டுரையாளர் பார்த்த ஒரு கட்டு, வட்டிக் கணக்கு நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தது. நோட்டுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை. கணக்குப் புத்தகத்துக்கு விலை சொல்லவே முடியாது.

சென்னை நேராகக் கண்ட ஒரே முதல் உலகப் போர்த் தாக்குதல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுடையது. 1914 செப்டம்பர் 22 இரவு அது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அந்தக் குண்டின் சிதறல் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஆண்டு நவம்பர் 9-இல் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, கோகோஸ் தீவருகே எம்டனை முடக்கியது. உடைந்த கப்பலில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி டாலர்களை, மேலே கிரீடம் பொருத்திப் பதக்கமாக்கிச் சிட்னி கப்பலின் மாலுமிகளுக்குக் கொடுத்தார்கள். சென்னை வாசி ஒருவர் சேகரிக்க ஆசைப்படத்தக்க அயல்நாட்டுப் பதக்கம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சுதந்திர இந்தியாவின் விருதுகளுக்கு வடிவம் தந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து மராட்டிய ராணுவ அதிகாரியை மணந்த சாவித்திரி கானோல்கர். 1950 ஜனவரி 26-இல் ஏற்படுத்தப்பட்ட பரம்வீர் சக்ராவில் இந்திரனின் வஜ்ராயுதத்தை நான்கு முறை அமைத்தார். அவ்விருதைப் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-இல் இலங்கையில் உயிரிழந்தவர். இத்தகைய விருதுகளை வாங்கவோ விற்கவோ நினைப்பதே தகாது. அவை குடும்பத்திடமோ படைப்பிரிவிடமோ இருக்க வேண்டியவை. 1965, 1971 போர்களுக்கான பொதுப் பதக்கங்கள் சந்தையில் வருகின்றன. அவற்றை அணிந்தவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். விற்பவர் வறுமையால் விற்கிறார் என்று தெரிந்தால், விலையைக் கொடுத்துவிட்டுப் பதக்கத்தை அவரிடமே விட்டுவருவது முறை.

பராமரிப்பில் முதல் விதி, தேய்க்கக் கூடாது. நம் வீடுகளில் வெள்ளியை விபூதியாலும் பித்தளையைப் புளியாலும் துலக்குவது வழக்கம். ஆயுதபூஜைக்கு முதல் நாள் பதக்கத்துக்கும் அதே மரியாதை நடக்கும். ஆண்டுக்கு ஆண்டு மன்னரின் மூக்கு தேய்வதில் நட்டமில்லை. ஆனால் விளிம்பில் உள்ள பெயரும் கூடவே தேய்கிறது. வெள்ளியில் படியும் கருமை உலோகத்தைக் கெடுப்பதில்லை. மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத பெட்டியில் வைத்தால் போதும். மலிவான பி.வி.சி. உறை காலப்போக்கில் பிசுபிசுத்து உலோகத்தில் பச்சை படியவிடும். ரிப்பன் நைந்துபோனாலும் பழையதைக் கழற்றி எறியக் கூடாது.

சட்டமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளும் வரலாற்றுப் பொருளும் தொல்பொருள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் இதை நினைவில் கொள்ள வேண்டும். வெடிக்காத குண்டு, கையெறி குண்டு எதுவானாலும் நினைவுப்பொருள் அல்ல. தொடாமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

பெயரைக் கண்டபின் தேட இடம் உண்டு. இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறையில் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான நினைவுச்சுவரும் இருக்கிறது. ஆனால் மெசபடோமியாவில் இறந்தவர்களைத் தேடுபவருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். பஸ்ரா நினைவுச்சின்னத்தின் கற்பலகைகளில் இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மட்டுமே உண்டு. சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். இது சரியான நினைவுகூரல் அல்ல என்பதை ஆணையமே அமைத்த குழு 2021-இல் ஒப்புக்கொண்டது. கல்லில் இல்லாத அந்தப் பெயர்கள் நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில், வெள்ளியிலும் வெண்கலத்திலும் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் இன்றே எடுத்து விளிம்பைப் படியுங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அவர் யாருக்கு என்ன உறவு என்பதையும் குறித்து, பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள். விற்றே தீர வேண்டிய நிலை வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகவே, அந்தத் தாளோடு கொடுங்கள், எடைக்குப் போடாதீர்கள்.